கார் ஏசியின் கிளட்ச் பிடிக்காதது ஏன்?

அமெரிக்காவின் பாக்கார்ட் நிறுவனம் தனது 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் குளிர்சாதனத்தைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. வாங்கியவர்களுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. குளிர் போதும் என்று தோன்றினால் கம்ப்ரசரை நிறுத்த வழி இல்லை. காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, கம்ப்ரசரைச் சுழற்றும் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். மறுபடி குளிர் வேண்டுமென்றால் மறுபடி மாட்ட வேண்டும். எஞ்சினையும் கம்ப்ரசரையும் வேண்டியபோது சேர்த்து, வேண்டாதபோது பிரிக்கும் உறுப்பு எதுவும் அந்தக் காரில் இல்லை.

இன்று ஏசி பொத்தானை அழுத்தியதும் காரின் முன்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சிறிய ஓசை கேட்கும். எஞ்சினின் ஓசையும் ஒரு கணம் தடுமாறி நிமிரும். அந்த உறுப்பு வேலை செய்வதன் அடையாளம் அது. அதன் பெயர் மின்காந்தக் கிளட்ச். ‘டக்’ கேட்காத நாளில் உள்ளே காற்று வரும், ஆனால் குளிர் வராது. பட்டறைக்காரர்கள் இதைக் “கிளட்ச் பிடிக்கவில்லை” என்பார்கள். நம் நாட்டு வெயிலில், நெடுஞ்சாலை நெரிசலில், இந்த இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தின் பயணத்தையே கெடுத்துவிடும். சில சமயம் பணப்பையையும் காலி செய்துவிடும். “கம்ப்ரசர் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், அது உண்மையா என்று கேட்க உங்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பிடிக்காத கிளட்ச் எல்லாம் பழுதான கிளட்ச் அல்ல. பல நேரங்களில் அது தனக்கு வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சும்மா இருக்கிறது. “பிடிக்காதே” என்று வேறு ஏதோ ஒன்று அதனிடம் சொல்லியிருக்கிறது. அது எது, ஏன் சொன்னது என்று தேடுவதுதான் இங்கே வேலை.

அரை மில்லிமீட்டர் இடைவெளி

கம்ப்ரசரின் முகப்பில் ஒரு கப்பி இருக்கிறது. எஞ்சினின் பெல்ட் அதன்மேல் ஓடுகிறது. ஏசி அணைந்திருந்தாலும், எஞ்சின் ஓடும்வரை இந்தக் கப்பி தன் பேரிங்மேல் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். கப்பியின் உட்புறத்தில் ஒளிந்திருப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள். இது சுழலாது; கம்ப்ரசரின் உடலோடு இறுக்கிப் பொருத்தப்பட்டது. கப்பிக்கு முன்னால், வெளியே தெரியும்படி, ஓர் இரும்புத் தட்டு நிற்கிறது. கம்ப்ரசரின் தண்டு இந்தத் தட்டோடுதான் இணைந்திருக்கிறது. தட்டுச் சுழன்றால்தான் கம்ப்ரசர் ஓடும்.

சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அது மின்காந்தமாகிறது. காந்தப்புலம் கப்பியின் இரும்பு வழியாகச் சென்று தட்டை இழுக்கிறது. தட்டு ‘டக்’ என்று கப்பியில் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து சுழலத் தொடங்குகிறது. மின்னோட்டம் நின்றதும், தட்டின் பின்னால் உள்ள வில்தகடுகள் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. கப்பியின் முகத்தில் வளைந்த நீள் துளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. காந்தப்புலம் கப்பிக்குள்ளேயே குறுக்குவழியில் திரும்பிவிடாமல், தட்டுக்குள் புகுந்து வர வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டவை.

ஏசி அணைந்திருக்கும்போது தட்டுக்கும் கப்பிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நீங்கள் பள்ளியில் எழுதும் தாளில் ஐந்தை அடுக்கினால் வரும் தடிமன் அவ்வளவுதான். இந்தச் சின்ன இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். பெரிய இரும்பு ஆணி ஒன்றில் காப்பிட்ட செம்புக் கம்பியை ஐம்பது சுற்றுச் சுற்றி, 1.5 வோல்ட் மின்கலனில் இணையுங்கள். ஆணியின் நுனி எத்தனை காகிதக் கவ்விகளைத் தூக்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு நுனிக்கும் கவ்விகளுக்கும் நடுவே ஒரு தாள், மூன்று தாள், ஐந்து தாள் என்று வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை வேகமாகச் சரியும். கம்பி சீக்கிரம் சூடாகும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகளில் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

இந்த வகை மின்காந்தத்தில் இழுவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இடைவெளி இரண்டு மடங்கானால் விசை கால் பங்கு. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். பிறகு ஒரு புதிரை அவிழ்க்க இது வேண்டும்.

பொத்தான் போடுவது விண்ணப்பம்

ஏசி பொத்தான் கிளட்சுக்கு நேராகக் கட்டளை இடுவதில்லை. அது விண்ணப்பம்தான் போடுகிறது. அந்த விண்ணப்பம் பல மேசைகளைக் கடக்க வேண்டும்.

காற்று வீசும் விசிறி ஓடுகிறதா? ஓடாவிட்டால் அனுமதி இல்லை. காரின் உள்ளே, முகப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலின் வெப்பநிலை என்ன? அது உறைநிலையை நெருங்கினால் அதன்மேல் பனி படிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். எனவே அங்குள்ள வெப்ப உணரி சற்று நேரம் கிளட்சை விடச் சொல்லும். குளிரான இரவில் கிளட்ச் அடிக்கடி பிடிப்பதும் விடுவதுமாக இருப்பது இதனால்தான். அது கோளாறே அல்ல. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறதா? ஓட்டுநர் முந்திச் செல்ல முழுமூச்சாக மிதிக்கிறாரா? அப்போதும் எஞ்சின் கணினி கம்ப்ரசரை ஒதுக்கி வைக்கும்.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது அழுத்த உணரி. குழாயில் பொருத்தப்பட்ட சிறிய சுவிட்ச் இது. பல கார்களில் குளிர்பதன வாயுவின் அழுத்தம் 2 பார் அளவுக்குக் கீழே இறங்கினாலும், 30 பாரை ஒட்டி ஏறினாலும் இது சுற்றைத் துண்டித்துவிடும். இவை அனைத்தும் சம்மதித்த பிறகுதான் ரிலேக்கு மின்சாரம் போகும். ரிலேயின் தொடுமுனைகள் மூடி, ஃபியூஸ் வழியாக வந்த 12 வோல்ட் கிளட்ச் சுருளுக்குச் செல்லும். சுருளின் மறுமுனை காரின் உடலோடு இணைந்து சுற்றை முடிக்கிறது.

இத்தனை மேசைகளையும் ஒவ்வொன்றாகத் தேடினால் பொழுது போய்விடும். நல்ல பழுதுபார்ப்பவர் நடுவில் வெட்டுவார். கிளட்சின் மின்இணைப்புக்கு வருவார். ஏசி பொத்தான் அழுத்தியிருக்க, கிளட்ச் பிடிக்காமல் இருக்கும் அந்த நேரத்தில், அங்கே மின்னழுத்தம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் அளப்பார். 12 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் வந்தால், விண்ணப்பம் எல்லா மேசைகளையும் தாண்டிவிட்டது. குற்றம் சுருளிலோ இடைவெளியிலோ இருக்கிறது. மின்னழுத்தமே இல்லை என்றால், கிளட்ச் நிரபராதி. மேலே எங்கோ தடை. ஒரே அளவீட்டில் சந்தேக நபர்களில் பாதிப் பேர் விடுதலை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கிளட்சின் செருகியைக் கழற்றிவிட்டு, அந்த வெறும் முனையில் அளந்தால் ஏமாந்துபோகலாம். சுருளின் மின்தடை 3.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் பாயும். இப்போது ரிலேயின் தொடுமுனை கருகி, அங்கே 2 ஓம் தடை உருவாகியிருக்கிறது. செருகியைக் கழற்றி அளக்கும்போது மல்டிமீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கிறது. ஆகவே அந்த 2 ஓமில் இழப்பே ஏற்படாது. மீட்டர் ‘12 வோல்ட்’ என்று சத்தியம் செய்யும். செருகியை மாட்டியதும் மொத்தத் தடை 5.6 ஓம், மின்னோட்டம் 2.1 ஆம்பியர். சுருளுக்குக் கிடைப்பது 7.7 வோல்ட் மட்டுமே. மின்னோட்டத்தின் இருமடி என்ற விதிப்படி இழுவிசை பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கிளட்ச் அசையாது. புதிய கம்ப்ரசர் வாங்கிப் பொருத்தினாலும் அசையாது! சுமை இணைந்திருக்கும்போது அளப்பதுதான் அளவீடு. இது கார் ஏசிக்கு மட்டுமல்ல, எந்த மின்சுற்றுக்கும் பொருந்தும்.

மின்னழுத்தம் இல்லாதபோது முதலில் பார்க்க வேண்டியவை மலிவானவை: ஃபியூஸ், ரிலே. பல கார்களில் ஹார்னுக்கும் ஏசி கிளட்சுக்கும் ஒரே வகை ரிலே இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஃபியூஸ் எரிந்திருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால், சுருளின் காப்பு உருகிக் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்னும் பெரிய ஃபியூஸைப் போடுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

காலையில் பிடிக்கும், மதியம் பிடிக்காது

இப்போது அந்தப் புதிர். ஒரு பழைய கார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏசி அருமையாக வேலை செய்கிறது. மதியம், நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, குளிர் போய்விடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று நிறுத்தி வைத்தால், எஞ்சின் ஆறியதும் மறுபடி வேலை செய்கிறது. பட்டறைக்காரர் பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கிறது. இதைவிட எரிச்சலூட்டும் கோளாறு வேறு இல்லை.

கணக்குப் போடுவோம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 3.6 ஓம் இருந்த சுருள், எஞ்சின் வெப்பத்தில் 100 டிகிரியை அடைந்தால் 4.7 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் 3.3 ஆம்பியரிலிருந்து 2.5க்கு இறங்கும். இழுவிசை 58 விழுக்காடு. இது மட்டுமே என்றால் கிளட்ச் சமாளித்துவிடும். அதற்கேற்ற உபரி பலத்தோடுதான் அதை வடிவமைத்திருப்பார்கள். ஆனால் கார் பழையது. பல்லாயிரம் முறை உரசி உரசித் தட்டின் முகம் தேய்ந்திருக்கிறது. 0.5 மில்லிமீட்டர் இடைவெளி 0.8 ஆகியிருந்தால் இழுவிசை 39 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால்? 58 விழுக்காட்டில் 39 விழுக்காடு என்றால் 23 தான். புதிதாக இருந்தபோது இருந்த பலத்தில் கால் பங்குகூட இல்லை. இது எளிமைப்படுத்திய கணக்குத்தான். ஆனாலும் தேய்மானமும் வெப்பமும் தனித்தனியே செய்ய முடியாததைக் கூட்டுச் சேர்ந்து செய்துவிடுகின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைவெளி மறைந்துவிடும். பிறகு பிடித்து வைத்திருக்கச் சிறிய மின்னோட்டமே போதும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கிளட்ச் வெப்பத்தில் சட்டென்று விட்டுவிடாது. கூலிங் காயில் போதிய அளவு குளிர்ந்ததும் வழக்கம்போல் விடச் சொல்வார்கள், அது விடும். அடுத்த முறை பிடிக்கச் சொல்லும்போதுதான் பலம் போதாமல் நின்றுவிடும். மருந்து என்ன தெரியுமா? தட்டுக்குப் பின்னால், தண்டில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தட்டுக் கப்பியை நெருங்கிவிடும். இடைவெளியை அளக்கும் தகடு ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும். எல்லாக் கம்ப்ரசர்களிலும் இது முடியாது. முடிகிற இடத்தில் முயலாமல் முழுக் கம்ப்ரசரையும் தூக்கி எறிவது வீண்.

ஆனால் நெரிசலில் மட்டும் நின்றுபோகும் ஏசிக்கு இன்னொரு சந்தேக நபரும் உண்டு: கண்டென்சர் விசிறி. வாயு தன் வெப்பத்தை வெளியே விடும் இடம் கண்டென்சர். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கும்; நிற்கும்போது விசிறிதான் கதி. விசிறி ஓடாவிட்டால் அழுத்தம் ஏறி, உணரி சுற்றைத் துண்டிக்கும். இரண்டு கோளாறுகளும் ஓட்டுநருக்கு ஒன்றுபோலவே தெரியும். பிரித்துக் காட்டுவது அந்த ஒரே அளவீடு: கிளட்சில் மின்னழுத்தம் இருந்தும் பிடிக்கவில்லையா, மின்னழுத்தமே வரவில்லையா? சில பட்டறைகளில் கண்டென்சர்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். உடனே கிளட்ச் பிடித்தால் சந்தேகம் விசிறியின் பக்கம் சாயும்.

கேஸ் தீர்ந்துபோகும் பொருளா?

இனி, எல்லோரும் முதலில் சொல்லும் காரணம்: “கேஸ் குறைந்துவிட்டது.” பல கார்களில் இன்னும் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். சிறிய கார் ஒன்றில் அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். பெட்ரோலைப்போல இது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் நீர்மமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது. ஆண்டுக்கணக்கில் முத்திரைகள் வழியே சிறிது கசியலாம். ஆனால் ஆண்டுதோறும் “கேஸ் ஏற்ற” வேண்டியிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. வெளியே போகும் ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தேக்கவல்லது. அரைக் கிலோ கசிந்தால் அது 700 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம்.

கேஸ் போதுமா என்பதை அழுத்தமானி ஒன்றை மாட்டினாலே தெரிந்துவிடுமா? எஞ்சின் ஓடாதபோது தெரியாது! சமையல் எரிவாயுத் தோம்பை நினைத்துப் பாருங்கள். அது பாதியாகிவிட்டது என்பது அடுப்பின் தீயில் தெரிவதில்லை. ஆட்டியோ தூக்கியோதான் பார்க்கிறோம். ஒரு மூடிய கலத்துக்குள் நீர்மமும் அதன் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான், அளவு அல்ல. 30 டிகிரியில் ஆர்-134ஏ காட்டும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. உள்ளே 500 கிராம் இருந்தாலும் 300 கிராம் இருந்தாலும் அதே எண்தான். கடைசிச் சொட்டு நீர்மமும் ஆவியான பிறகுதான் அழுத்தம் விழத் தொடங்கும். ஆகவே, நிறுத்திய காரிலேயே அழுத்த உணரி ‘குறைவு’ என்று சொல்லிவிட்டால், உள்ளே பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். சரியான அளவை அறிய, பழைய வாயுவை இயந்திரத்தால் முழுதாக உறிஞ்சி எடுத்து, குழாய்களைக் காற்றில்லாமல் வெறுமையாக்கி, தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும்.

அழுத்த உணரி தடுக்கிறது என்று தெரிந்ததும், அதன் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. கிளட்ச் உடனே பிடிக்கும், வாடிக்கையாளரும் மகிழ்வார். இதை நான் மன்னிக்க மாட்டேன். கம்ப்ரசருக்கு உயவு எண்ணெய் தருவதற்கென்று எஞ்சினில் இருப்பதுபோல் தனி ஏற்பாடு பெரும்பாலான கார்களில் கிடையாது. எண்ணெய், குளிர்பதன வாயுவோடு கலந்து சுற்றிவந்துதான் கம்ப்ரசரை அடைகிறது. வாயு இல்லையென்றால் எண்ணெயும் வராது. உலோகம் உலோகத்தோடு உலர்ந்து உரசி, கடைசியில் கம்ப்ரசர் இறுகி நின்றுவிடும். ஒரே பெல்ட்டில் மின்னாக்கியும் தண்ணீர்ப் பம்பும் ஓடும் கார்களில், இறுகிய கம்ப்ரசர் அந்தப் பெல்ட்டை எரித்து அறுத்துவிடலாம். அப்புறம் நின்றுபோவது குளிர் மட்டுமல்ல, காரே நடுச்சாலையில் நின்றுவிடும். உணரி தடுத்தது இதைத்தான்.

வீட்டில் யாராவது பெரியவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கும்போது நீங்களும் உடன் நில்லுங்கள். கப்பியின் நடுவில் உள்ள தட்டுச் சுழல்கிறதா, வெளிவிளிம்பு மட்டும் சுழல்கிறதா என்று எட்டி நின்றே பார்த்துவிடலாம். கை, தலைமுடி, கழுத்துப்பட்டை எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக்கூடாது. எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். குளிர்பதனக் குழாய்களின் மூடிகளைத் திறக்கவே கூடாது. பீறிடும் நீர்மம் தோலையும் கண்ணையும் நொடியில் உறையவைத்துவிடும்.

சில புதிய கார்களின் கம்ப்ரசர்களில் கிளட்சே கிடையாது. அவற்றில் நடுத் தட்டு எப்போதும் சுழலும். உள்ளே இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு வால்வு அமுக்கும் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். ‘டக்’ ஓசைக்காக அங்கே காத்திருப்பதில் பயனில்லை. மின்சாரக் கார்களில் பெல்ட்டும் இல்லை. கம்ப்ரசருக்குள்ளேயே மின்மோட்டார் இருக்கிறது. அதற்குச் செல்லும் தடித்த ஆரஞ்சு நிறக் கம்பியில் இருப்பது 12 வோல்ட் அல்ல, பெரும்பாலும் சில நூறு வோல்ட். அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைத் தொடலாம்.